நாலு மணி நேர மாத்திரை

விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லில், நூல் சுற்றும் பிரிவில் செல்வமணிக்கு வேலை. இயந்திரங்கள் ஓடும்போது அங்கே யாரும் வாய்விட்டுப் பேச முடியாது. வேலை முடிந்து வெளியே வந்த பிறகும் காதுக்குள் இரைச்சல் அடங்காது. அப்படி வருகிறவளுக்கு வீட்டில் மகள் நித்யா போடும் சத்தம் மட்டும் ஒருநாளும் தொந்தரவாக இருந்ததில்லை.

நித்யா ஒரு கேள்வி கேட்பாள். பதில் வருவதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவாள். சட்டையில் ஒரு கையை மாட்டிக்கொண்டு, தெருவில் போகிற பூனையைப் பார்க்க ஓடுவாள். இன்னொரு கையை மாட்ட அவள் அப்பா தேவேந்திரன் பின்னாலேயே ஓடுவான். அவன் வாழைத்தார் ஏற்றும் மினி லாரி ஓட்டுகிறவன். “எம் பிள்ள பம்பரம்லா!” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

மூன்றாம் வகுப்புக்குப் போனபோது அது பெருமையாக இல்லாமல் போயிற்று. அவளால் ஒரு வரியை முழுதாக எழுத முடியவில்லை. ஒருநாள் பள்ளி விட்டதும் எதையோ பார்த்துச் சாலையின் குறுக்கே ஓடினாள். பஸ் டிரைவர் பிரேக்கை மிதித்ததால் பிழைத்தாள். அன்றைக்கு வகுப்பு ஆசிரியை லில்லி டீச்சர் செல்வமணியைக் கூப்பிட்டுவிட்டார்.

“பிள்ள கெட்ட பிள்ள இல்லம்மா. ஒரு இடத்துல இருக்கணும்னுதான் நெனைக்கா, அவளால முடியல. ஏசியோ அடிச்சோ இது சரியாகாது. பாளையங்கோட்டையில பிள்ளைங்களுக்குப் பாக்குற டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க. ஒருக்கா காட்டுங்க.”

டாக்டர் ராஜராஜேஸ்வரி அவசரப்படவில்லை. பலமுறை வரச்சொல்லி, நித்யாவோடு பேசி, டீச்சரிடமும் போனில் கேட்டறிந்த பிறகுதான் இதற்குக் கவனக்குறைவு மிகைத்துடிப்புக் கோளாறு என்று பெயர் சொன்னார். மருந்தைப் பற்றியும் விளக்கினார்.

“மருந்து ஒண்ணுதாம்மா, மாத்திரைதான் ரெண்டு விதம். ஒண்ணு சீக்கிரமா வேலை செய்யும், நாலு மணி நேரத்துல தீந்துரும். மத்தியானம் மறுபடி கொடுக்கணும். இன்னொண்ணு மருந்தைக் கொஞ்சங் கொஞ்சமா விடும். காலைல கொடுத்தா பள்ளிக்கூடம் விடுற வரைக்கும் போதும்.”

“ரெண்டுல எது நல்லது டாக்டரம்மா?”

“எல்லாப் பிள்ளைக்கும் இதுதான் நல்லதுன்னு சொல்ல முடியாது. முதல்ல நாலு மணி நேரத்துச் சின்ன மாத்திரையக் கொடுத்துப் பாப்போம். பசி குறையும், தூக்கம் பிந்தும். எடையைப் பாத்துக்கிட்டே இருக்கணும்.”

முதல் வாரத்திலேயே நித்யா ஒரு பக்கம் முழுக்க எழுதிக்கொண்டு வந்தாள். எழுத்து கோடு விட்டு இறங்கவில்லை. “எம்மா, இன்னைக்கு டீச்சர் சொன்னது எல்லாம் எனக்குக் கேட்டுச்சு” என்றாள். இத்தனை நாளும் பிள்ளைக்கு எதுவுமே கேட்கவில்லையா என்று நினைத்து செல்வமணி அடுப்படியில் போய் அழுதாள்.

மத்தியான மாத்திரைதான் சிக்கலாயிற்று. பள்ளியில் மருந்து கொடுக்கத் தலைமையாசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்றார். செல்வமணியால் வேலைக்கு நடுவே வர முடியாது. தேவேந்திரன் லோடு இல்லாத நாட்களில் போய்க் கொடுத்தான். அவன் போகாத நாட்களில் மதியத்துக்கு மேல் நித்யா சிடுசிடுவென்று ஆகி, பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பிடுங்கி, கடைசியில் தானே அழுதுவிடுவாள். எல்லாவற்றையும் கேட்ட டாக்டர் நாள் முழுக்கத் தாங்கும் மாத்திரைக்கு மாற்றினார்.

“இத முழுசா விழுங்கணும். உடைக்கக் கூடாது, மெல்லக் கூடாது. உடைச்சா நாள் பூரா சேரவேண்டிய மருந்து ஒரேயடியா உள்ள போயிரும்.”

செல்வமணி தலையாட்டினாள். தினமும் காலையில் வாழைப்பழத் துண்டுக்குள் மாத்திரையை ஒளித்து, கொஞ்சிக் கொஞ்சி அவளே விழுங்க வைத்தாள்.

பள்ளியில் குறை எதுவும் வரவில்லை. ஆனால் சாப்பாட்டு டப்பா திறக்காமலே திரும்பி வந்தது. நித்யாவின் தோள் எலும்பு தெரிய ஆரம்பித்தது. சாயங்காலமும் பேசாமல் உட்கார்ந்து தரையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருப்பாள்.

“ஏட்டி, பிள்ள சிரிக்கவே மாட்டேங்கா” என்றான் தேவேந்திரன். “எனக்குப் பயமா இருக்கு.”

“அடுத்த தடவ போகும்போது டாக்டரம்மாட்ட சொல்லுவோம்” என்றாள் செல்வமணி.

அதற்குள் அந்தக் காலை வந்துவிட்டது. செல்வமணிக்கு விடியலிலேயே மில்லுக்குப் போக வேண்டியிருந்தது. “பிள்ளைக்கு மாத்திரைய மறக்காம கொடுத்திருங்க” என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். உடைக்கக் கூடாது என்று சொல்லத் தோன்றவில்லை. அவன் இதுவரை பள்ளியில் கொடுத்ததெல்லாம் சின்ன மாத்திரைதான், அதை உடைத்தும் கொடுக்கலாம்.

நித்யாவுக்கு மாத்திரை தொண்டையில் இறங்கவில்லை. இரண்டு முறை துப்பினாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தேவேந்திரனுக்கு மனசு கேட்கவில்லை. மாத்திரையைக் கரண்டியால் பொடித்து, உடன்குடி கருப்பட்டியைத் தட்டிப்போட்டு, குழைத்து ஊட்டினான். அவள் நக்கிச் சாப்பிட்டாள்.

பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் அவள் கை நடுங்கியது. முகமெல்லாம் வியர்த்துவிட்டது. “எப்பா, நெஞ்சுக்குள்ள என்னமோ ஓடுது” என்றாள். அவன் கையை வைத்துப் பார்த்தான். குருவியைப் பிடித்தால் துடிக்குமே, அந்தத் துடிப்பு. லாரியில் பக்கத்தில் கிடத்திக்கொண்டு அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். செல்வமணி மில்லிலிருந்து போய்ச் சேர்ந்தபோது நித்யாவின் மார்பில் வயர்கள் ஒட்டியிருந்தன. தேவேந்திரன் சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் துடிப்பு இறங்கியது. ஆபத்து இல்லை என்றார்கள். ஏன் அப்படி ஆயிற்று என்று அங்கிருந்த டாக்டர் சொன்னபோதுதான் அவனுக்கு விஷயம் தெரிந்தது.

“உடைக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியுமா?” என்று செல்வமணியிடம் கேட்டான்.

“தெரியும்.”

“ஏன்ட்டி எங்கிட்ட சொல்லல?”

அவன் கத்தவில்லை. “எங்கையால கொடுத்தேன்ட்டி. எங்கையால” என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தான்.

மருந்தும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம் என்று வள்ளியூரில் இருக்கும் தன் அக்கா இசக்கியம்மா வீட்டுக்கு நித்யாவைக் கூட்டிப்போய்விட்டான். கொஞ்சநாள் இருக்கட்டும், அங்கேயே பள்ளியில் சேர்க்கலாம் என்றான். தடுக்கத் தனக்கு வாய் இல்லை என்று செல்வமணி நினைத்துக்கொண்டாள்.

சில வாரம் கழித்து இசக்கியம்மா போன் செய்தாள். “பிள்ள இப்ப எம்புட்டு அடக்கமா இருக்கா தெரியுமா? ஒரு மாத்திரையும் இல்ல. வந்து பாரு.”

செல்வமணி சந்தோஷமாகத்தான் பஸ் ஏறினாள். நித்யா நன்றாகச் சதை போட்டிருந்தாள், கன்னம் பழையபடி உப்பியிருந்தது. சுவரோரம் காலை மடக்கி உட்கார்ந்திருந்தவள் அம்மாவைப் பார்த்ததும் எழவில்லை. முதலில் அத்தையின் முகத்தைப் பார்த்தாள். அத்தை தலையாட்டிய பிறகே எழுந்து வந்தாள்.

உள்ளே யாரோ டம்ளரைக் கீழே போட்டார்கள். நித்யா சட்டென்று இரண்டு கையாலும் தலையை மூடிக் குனிந்துகொண்டாள்.

செல்வமணி அவள் பாவாடையை விலக்கிப் பார்த்தாள். கெண்டைக்காலில் வரி வரியாகத் தடம்.

“மைனி, இது என்ன?”

“ரெண்டு போட்டாத்தான கேக்கா? நாம எல்லாம் அடி வாங்காமலா வளந்தோம்?” என்றாள் இசக்கியம்மா. அவள் கெட்டவள் இல்லை. பிள்ளைக்கு வேளாவேளைக்கு ஊட்டினாள், தலை பின்னி விட்டாள். தான் நல்லதுதான் செய்கிறோம் என்று நம்பினாள். செல்வமணியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கும் குரல் இறங்கியது. “நா வேற என்ன செய்ய?” என்றாள்.

செல்வமணி அன்றைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரச் சொன்னதும் நித்யா உட்கார்ந்தாள். வெளியே எதையும் காட்டிக் கேட்கவில்லை. வெகுதூரம் போன பிறகு, “எம்மா, இனிமே நா சேட்ட பண்ண மாட்டேன். மாத்திர தராட்டாலும் பண்ண மாட்டேன்” என்றாள். செல்வமணி அவளை மடியில் இழுத்துக்கொண்டாள். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.

டாக்டர் ராஜராஜேஸ்வரி நித்யாவின் காலைப் பார்த்தார். “இது அடக்கம் இல்லம்மா, பயம்” என்றார். முதலில் இந்தப் பயம் தணியட்டும் என்று மருந்து கொடுக்காமல், வாரந்தோறும் வரச்சொல்லி அவளோடு விளையாடினார். பிறகு சின்ன மாத்திரையையே, குறைந்த அளவில் தொடங்கினார். சாயங்காலத்துக்குள் மருந்து தீர்ந்துவிடும், பிள்ளைக்குப் பசிக்கும் என்றார். மத்தியானம் கொடுக்கும் பொறுப்பை லில்லி டீச்சர் ஏற்றுக்கொண்டார். தலைமையாசிரியரிடம் அவரே போய்ப் பேசினார்.

நித்யா இப்போது ஒழுங்காக எழுதுகிறாள். சாயங்காலம் வந்ததும் இரண்டு தோசை சாப்பிடுகிறாள். தேவேந்திரன் அவள் காலில் இருந்த தடத்தைப் பார்த்த நாளிலிருந்து வீட்டில் அதிகம் தங்குவதில்லை. தூரத்து லோடாகப் பார்த்து ஏற்றிக்கொண்டு போகிறான். வந்தாலும் மகளைத் தொடுவதற்கு முன் கையை உள்ளுக்கு இழுத்துக்கொள்கிறான். “மாத்திரையும் நாந்தான் கொடுத்தேன், அங்கன கொண்டு விட்டதும் நாந்தான்” என்று ஒருமுறை சொன்னான். உடைக்கக் கூடாது என்று சொல்லாமல் போனது தான்தானே என்று செல்வமணி எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். அவன் காதில் அது ஏறவில்லை.

சாயங்காலம், மருந்து தீரும் நேரத்தில், செல்வமணி எல்லா வேலையையும் விட்டுவிட்டு மகள் பக்கத்தில் போய் உட்காருகிறாள். சில நாள் நித்யா பேச ஆரம்பிக்கிறாள். பள்ளியில் நடந்தது, வழியில் பார்த்த நாய், எதிர்வீட்டு ஆட்டுக்குட்டி என்று பழையபடி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகிறாள். கண் விரிகிறது, குரல் ஏறுகிறது. திடீரென்று என்ன நினைவு வருமோ, தன் வாயைத் தானே உள்ளங்கையால் பொத்திக்கொள்கிறாள்.

செல்வமணி அந்தக் கையை மெல்ல எடுத்துவிடுவாள். “சொல்லுட்டி, ஆட்டுக்குட்டி என்ன செஞ்சுது?” என்பாள்.

அத்தை நிற்கிறாளோ என்பதுபோல நித்யா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொள்வாள். பிறகு, “ஒண்ணும் செய்யலம்மா” என்பாள்.