துரை வண்டி எண்ணெய்

மாரியம்மன் கோயில் திருப்பத்தில் மோட்டார் சைக்கிள் மறுபடியும் கதறியது. இயந்திரம் உயிரைக் கொடுத்துக் கத்தியதே தவிர, சக்கரம் வேகம் எடுக்கவில்லை. கருகல் நாற்றம் மூக்கில் ஏறியது. பின்னாலிருந்த தங்கம்மா கணவரின் தோளைத் தட்டினாள்.

“நிறுத்துங்க. நான் எறங்கி நடக்கிறேன்.”

“டாக்டர் மேடு ஏறக் கூடாதுன்னு சொன்னது காதுல விழலியா?”

“டாக்டரா வந்து வண்டிய தள்ளப் போறாரு?”

அவள் இறங்கிக்கொண்டாள். கணவர் அழகமுத்து வண்டியோடு முன்னால் மெல்லப் போய், கண்ணாடியில் பார்த்தார். தங்கம்மா நின்று நின்று வந்தாள். கேட்டால், கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையைப் பார்த்தேன் என்பாள். ஆனால் அவள் கை நெஞ்சின் மேல்தான் இருந்தது.

பலாங்கொடைக்கு மேலே, மலையின் உச்சியில் இருந்தது, தோட்டத்து வரிசை வீடுகளான அவர்களுடைய லயம். பஸ் கோயிலோடு நின்றுவிடும். அதற்கு மேல் உள்ள குழிப் பாதையில் ஆட்டோக்காரர்கள் ஏறுவதில்லை. தேயிலை பெக்டரி அடுப்புக்கு விறகு போட்டுப் போட்டே பாதி உயிர் வற்றிப்போன மனிதர் அழகமுத்து. தங்கம்மாவுக்கு இருதய வருத்தம் வந்த பிறகு கொழுந்து எடுப்பதை விட்டு, லயத்தை ஒட்டிய தோட்டத் துரையின் பங்களாவில் சமையல் வேலை பார்த்தாள். அவளை கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் கொண்டுவர அந்தப் பழைய வண்டியை விட்டால் வேறு கதி இல்லை.

அன்று மாலை எம்பிலிப்பிட்டியவில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகள் தர்மிளா போன் பண்ணினாள்.

“அந்த ஓட்ட பைக்க நம்பி அம்மாவ கொல்லப் பாக்குறீங்களாப்பா? வியாழக்கிழமை கிளினிக்குக்கு நானே வாறேன். வண்டி மேடு ஏறலேன்னா அம்மாவ எங்கூட கூட்டிட்டுப் போயிருவேன். அப்புறம் அனுப்ப மாட்டேன்.”

பிள்ளை சொன்னதில் பிழை இல்லை. ஆனால் நாளெல்லாம் நெருப்பின் முன் நின்றுவிட்டு, அவள் இல்லாத வீட்டின் அணைந்த அடுப்பின் முன் போய் எப்படி உட்காருவது?

கிளச் வழுக்கும்போதெல்லாம் கேபிளை இறுக்கித்தான் அவர் சமாளித்து வந்தார். புதன்கிழமை பலாங்கொடையில் மெக்கானிக் ஜமால்தீனின் கடைக்கு வண்டியைக் கொண்டுபோனார்.

ஜமால்தீன் கிளச்சைப் பிடித்துப் பார்த்தார். “கேபிள இப்பிடி இழுத்துக் கட்டினா எப்பிடி முத்தண்ணே முழுசா புடிக்கும்? கொஞ்சம் லூஸ் வேணும்.”

தளர்த்தினார். அப்படியும் வழுக்கியது. மூடியைக் கழற்றி பிளேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

“தேயல. ஆனா மீன் மாதிரி வழுக்குது.” எண்ணெயை இரு விரல்களுக்கிடையே தேய்த்தார். “என்ன எண்ணெய் ஊத்தினீங்க?”

“நல்ல எண்ணெய்தான் நானா. துரை ஜீப்புக்கு ஊத்துறது.” அந்த அலுப்பிலும் அழகமுத்துவின் குரலில் சிறு பெருமை இருந்தது.

“சரியாப் போச்சு. ஜீப்புல கிளச் எண்ணெய் படாம தனியா கிடக்கு. இதுல எண்ணெய்க்குள்ளயே ஊறுது. இது நல்லா வழுக்கணும்னு மருந்து கலந்த எண்ணெய், பைக்குக்கு ஆகாது. யாரு குடுத்தது?”

அழகமுத்து கீழே கிடந்த மூடியை எடுத்துத் துடைத்தார். துரையின் டிரைவர் சுரேந்திரனிடம் மிச்ச எண்ணெயைக் கேட்டு வாங்கி, சர்பத் போத்தலில் ஊற்றி, முந்தானைக்குள் மறைத்து அதைக் கொண்டுவந்தவள் தங்கம்மா. ஆயுள் முழுவதும் யாரிடமும் ஒன்றும் கேட்டறியாதவள். “நம்ம வண்டியும் ஒரு நாளைக்காவது நல்லதக் குடிக்கட்டுங்க” என்று தன் கையாலேயே ஊற்றினாள். நல்லெண்ணம் இப்படித் திரும்பி அவள் நெஞ்சையே பிடிக்கும் என்று யார் கண்டது? நல்லதை ஊற்றியதாலேயே வண்டி கெடும் என்று அவருக்கும் தோன்றவில்லை.

“யாரோ குடுத்தாங்க நானா. ஞாபகம் இல்ல.”

ஜமால்தீன் அவர் முகத்தைப் பார்த்தார், மேற்கொண்டு கேட்கவில்லை. பிளேட்டுகளைப் பெட்ரோலில் கழுவித் துடைத்து, பைக் எண்ணெயில் ஊறவைத்தார். பழைய எண்ணெயை முழுவதும் வடித்துவிட்டு, மூடியைப் பூட்டிப் புதிதை ஊற்றினார்.

வியாழக்கிழமை கிளினிக் முடிந்து திரும்பும்போது தர்மிளா ஆட்டோவில் கோயில் வரை பின்தொடர்ந்தாள். திருப்பம் வந்ததும் தங்கம்மா பழக்கத்தில் கணவரின் தோளைத் தட்டினாள். அவர் நிறுத்தவில்லை. வண்டி ஒருமுறை முனகியது. பிறகு மலையைப் பல்லால் கடித்துப் பிடித்ததுபோல ஏறியது. கண்ணாடியில், ஆட்டோவைவிட்டு இறங்கி நின்ற மகள் சிறுத்துக்கொண்டே போனாள். அவள் கை அசைவது தெரிந்தது. அழகமுத்துவுக்குப் பாதை மங்கியது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“துரை வண்டி எண்ணெய் இப்பதான் ஒடம்புல ஒட்டியிருக்கு” என்றாள் தங்கம்மா.

“ஆமா.”

“சுரேந்திரன் இன்னொரு போத்தல் தாறேன்னு சொல்லிச்சு. வாங்கட்டுங்களா?”

அழகமுத்து கியரை மாற்றினார். “வாங்கிட்டு வா. நானே ஊத்திக்கிறேன்.”

இப்போது அந்த லயத்தில் கதவுக் கீல் கிறீச்சிடாத வீடு அவர்களுடையது ஒன்றுதான்.