சவரிமுத்து அண்ணன் ஏற்றி இறக்கிய கொடிகள்

தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. ஈசூனிலிருந்து சவரிமுத்து அண்ணனின் மகன் வின்சென்ட் பேசினான். அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார் என்றான். முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு நினைவு மலர் போடுகிறோம், நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் அங்கிள் என்று பிறகு கேட்டான். எனக்கு எழுத்து தெரியாது. பங்குக் கோயில் அலுவலகத்து அம்மா எழுதிக்கொள்கிறார். நடந்ததைச் சொல்கிறேன்.

சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் பியூன், நான் தோட்டக்காரன். கொடி ஏற்றுவதும் இறக்குவதும் அவர் வேலை. ஜப்பான்காரன் காலத்தில், சின்னப் பையனாக, சிவப்பு வட்டம் போட்ட கொடிக்கு முன்னால் குனிந்து நின்றவர். நான் வேலைக்குச் சேர்ந்தபோது வெள்ளைக்காரன் கொடி பறந்தது. பிறகு சிங்கப்பூரின் பிறையும் ஐந்து நட்சத்திரமும் வந்தன. எதை ஏற்றினாலும் அவரிடம் ஒரே சுத்தம். மழை வந்தால் தான் நனைந்து கொடியைக் காப்பாற்றுவார். ஒருமுறை மடிக்கும்போது என் கையிலிருந்து ஒரு முனை நழுவித் தரையில் பட்டது. பிள்ளைகள் எல்லாரும் பார்க்க அறைந்தார். “கொடி எதுவா இருந்தா என்னடா, கயிறு நம்ம கையில இருக்கணும்” என்பார்.

சிங்கப்பூர் மலேசியாவோடு சேர்ந்தபோது பக்கத்திலேயே இன்னொரு கம்பம் நட்டார்கள். நான் ஜொகூரில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் என்பதால், பதினான்கு கோடு போட்ட அந்தக் கொடியை என் பொறுப்பில் விட்டார். காலையில் இரண்டு பேரும் பக்கம் பக்கமாக நின்று ஏற்றுவோம். புல்வெட்டும் கத்தியைத் தவிர என்னை நம்பி ஒருவர் கொடுத்த பொருள் அது ஒன்றுதான்.

இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பிரிந்துவிட்டோம் என்று ரேடியோவில் சொன்னார்கள். கொடியை இறக்கி, மடித்து, அவரிடம் கொண்டுபோனேன். அதை வைத்தே கழிவறையைத் துடைக்கச் சொன்னார். நின்றுகொண்டே இருந்தேன். “உன் கொடிதானே, நீயே துடை. அடுத்து உன்னையும் இறக்கிடுவாங்க” என்றார்.

துடைத்தேன். குடியுரிமைப் பாரத்தை நிரப்பித் தர அவரைவிட்டால் எனக்கு ஆள் இல்லை. அவர் நிரப்பினார், நான் கைநாட்டு வைத்தேன். அடையாள அட்டை கிடைத்த அன்று தனியாகக் கூப்பிட்டார். “சிங்கப்பூர்ல பொறந்தவன்னு எழுதிட்டேன்டா ராயப்பா. பொய்னு தெரிஞ்சா பிடுங்கிட்டு அனுப்பிருவாங்க. நான் வாயத் தெறக்கமாட்டேன். நீ ஒழுங்கா இரு.”

ஒழுங்காக இருந்தேன். அவர் சட்டைகளைத் துவைத்தேன். அவர் தூங்கிக்கொண்டிருக்க, விடிகாலையில் நான் கொடி ஏற்றினேன். தலைமையாசிரியர் பாராட்டியது அவரை. ஜொகூரில் அம்மா செத்தபோது ஓடிப்போய் அவரிடம்தான் சொன்னேன். எல்லையில் பிறந்த இடத்தைத் தோண்டித் தோண்டிக் கேட்பார்கள், போனால் திரும்ப முடியாது என்றார். பஸ்ஸில் இரண்டு மணி நேரம். நான் போகவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் பாலிகிளினிக்கில் என் அட்டையை வாங்கிய பெண், “அங்கிள், நீங்க மலேசியாவுல பொறந்தவரா?” என்று கேட்டாள். யார் சொன்னது என்றேன். “கார்டுலயே போட்டிருக்கு லா” என்று சிரித்தாள். மலேசியாவில் பிறந்தவன், முறையாகக் குடிமகன் ஆனவன். பாரத்தில் அண்ணன் உள்ளதைத்தான் எழுதியிருக்கிறார்.

அன்றே ஈசூனுக்குப் போனேன். படுக்கையில் கிடந்தார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்றேன்.

“கார்டு உன் பாக்கெட்லதானே இருந்துச்சு. யார்கிட்டயாவது குடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாம்.”

“காட்டவே பயந்தேண்ணே. அம்மா சாவுக்காவது விட்டிருக்கலாமே.”

அந்த நாளை அவர் மறக்கவில்லை. “மறுநாள் தேசிய தினம்டா. நீ போயிட்டா யாரு கொடி ஏத்துறது?”

வின்சென்ட், கோபித்துக்கொள்ளாதே. அடக்கத்துக்கு வந்து உன் அப்பாவின் குழியில் ஒரு பிடி மண் போட்டேன். என் அம்மாவுக்குப் போட்டிருக்க வேண்டிய மண் அது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது பயம். பொய் என்று தெரிந்த பிறகும் அது போகவில்லை. பேரப்பிள்ளைகள் சனிக்கிழமை ஆனால் எல்லை தாண்டி ஜொகூர் பாருவுக்குச் சாப்பிடப் போகிறார்கள், வாங்க தாத்தா என்று கூப்பிடுகிறார்கள். வயிறு சரியில்லை என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுகிறேன்.