காந்தத்தின் மேல் வைத்த பெட்டி

எங்கள் வீட்டில் பேச்சு முடியும் முன்பே கை நீண்டுவிடும். எனக்கும் அந்தக் குணம் உண்டு.

2003இல் மதுரையில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவி நான். மீகடத்தியை மெல்லிய படலமாகப் படிய வைத்து, அதன் மேல் காந்தப் படலம் ஒன்றைப் படிய வைப்பது என் வேலை. இரண்டுக்கும் ஒத்துப்போகாது. மீகடத்திக்குள் எலக்ட்ரான்கள் எதிரெதிர் சுழற்சியோடு ஜோடி ஜோடியாகத் திரியும். மின்சாரம் தடையின்றி ஓடுவது அவற்றால்தான். பக்கத்துக் காந்தமோ இரண்டையும் ஒரே பக்கம் திருப்பப் பார்க்கும், ஜோடி பிய்ந்துபோகும். காந்தம் திட்டுத்திட்டாகப் பல திசை பார்த்துக் கிடந்தால் ஜோடிகள் கொஞ்சம் தப்பிக்கும். அப்படிக் கலைந்த நிலையில் ஒரு படலத்தை எட்டு மாதம் போராடிச் செய்திருந்தேன். அதை உறையவைத்து அளக்கும் கருவி பெங்களூரில் இருந்தது.

அங்கே கிளம்பும் நாளில், சொந்த ஊரான அனுமந்தன்பட்டி வீட்டில் படலம் இருந்த பிளாஸ்டிக் பெட்டியைக் காணோம். அண்ணனுக்கு உத்தமபாளையத்தில் ஸ்பீக்கர் பழுது பார்க்கும் கடை. பஸ் பிடித்து ஓடினேன். மேசையில், ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தத்தின் மேல் என் பெட்டி இருந்தது. அதற்குக் காந்தம் ஆகாது என்று அவனிடம் சொல்லி வைத்ததே நான்தான்.

"ஞாயித்துக்கெழம மாப்ள வீட்டுல வர்றாக. இனி எங்கன போயி என்னத்த அளப்ப?"

"எட்டு மாச உழைப்புண்ணே. எடுத்துருண்ணே."

அறைந்தான். உதடு கிழிந்தது. இடது கையால் என் முடியைச் சுற்றிப் பிடித்து, வலது கையை மேசையில் ஊன்றிக்கொண்டு உலுக்கினான். பக்கத்தில் கிடந்த இன்னொரு காந்தத்தை இரண்டு கையாலும் தூக்கி அந்த வலது கையின் மேல் இறக்கினேன். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. சந்தோஷமாக இருந்தது. இன்னொரு முறையும் இறக்கினேன்.

பெட்டியோடு அன்றே பெங்களூர் போனேன். படலத்தின் காந்தம் முழுக்க ஒரே திசைக்குத் திரும்பியிருந்தது. அப்படியே ஒரு முறை அளந்தோம். பிறகு முன்னும் பின்னுமாக மாறி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் காந்தப்புலத்தைக் கொடுத்து அதைக் கலைத்தோம். இப்போது முன்னைவிடச் சற்று மேலான வெப்பநிலையிலேயே மின்தடை மறைந்தது. இரண்டு வரைபடங்களும் என் ஆய்வேட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

அண்ணனின் இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. ஸ்பீக்கர் சுருள் சுற்ற முடியாமல் கடையை மூடினான். கோபத்தில் கண் தெரியவில்லை என்று அம்மாவிடம் அழுதேன். அது பொய். படலத்தைக் கலைத்துச் சரிசெய்ய அரை மணி நேரம் போதும் என்பது அன்று அந்தக் கடையில் நின்றபோதே எனக்குத் தெரியும்.