மாமனாரோடு நின்றபடி ஆடியது

கூடத்தைப் பெருக்க வந்தவள், கலைக்காமல் கிடந்த சதுரங்கப் பலகையைப் பார்த்ததும் துடைப்பத்தோடு நின்றுவிட்டேன். கல்யாணமாகித் திருச்செங்கோட்டுக்கு வந்த புதிது. மாமனாரும் அவருடைய சிநேகிதரான சேலத்து ஜவுளி வியாபாரியும் ஆடிவிட்டு எழுந்து போயிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் நாட்டு முறையை விட்டுச் சீமை விதிகளின்படி முதலில் ஆடியவர் மாமனார்தான். சென்னைப் பட்டணம் வரை போய் ஜெயித்து வந்தவர்.

"ஆடத் தெரியுமா சாமி?" பின்னாலிருந்து மாமனாரின் குரல் கேட்டது.

"எங்கண்ணங்கூட ஆடுவனுங்க மாமா."

"அப்ப உக்காரு."

மாமனாருக்குச் சமமாக மருமகள் உட்காருகிற காலமா அது? அடுப்படி வாசலிலிருந்து மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அசையவில்லை. மாமனார் பலகையைத் தூக்கி நெல் மூட்டைகளின் மேல் வைத்தார். "செரி, நீ நின்னுக்க. நானும் நிக்கறேன்" என்றார். அன்று முதல் பகல் சாப்பாடு முடிந்ததும் நாங்கள் நின்றபடியே ஆடினோம். தோற்றுக்கொண்டேதான் இருந்தேன்.

ஒருநாள் ஜவுளி வியாபாரி பார்த்துக்கொண்டிருக்கும்போது, குதிரையை நகர்த்தினால் மாமனாரின் ராஜா தப்ப வழியில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. விருந்தாளி முன்னால் அவரைத் தோற்கடிப்பதா? என் கை வேறொரு காய்க்குப் போயிற்று.

"வேண்டாம் சாமி" என்றார் மாமனார், தாழ்ந்த குரலில். "உட்டுக் குடுத்தயின்னா அதுதான் எனக்கு அவமானம்."

குதிரையை நகர்த்தினேன். அவர் சிரித்துக்கொண்டே தம் ராஜாவைச் சாய்த்து வைத்தார். "பாத்தீங்களா பாய், எங்கூட்டு மருமக என்னயத் தோக்கடிச்சுட்டா!"

சேலத்துப் போட்டிக்கு என்னை அழைத்துப் போவதாக அவர் சொன்னதும் மாமியார், "ஊரு சிரிக்குமுங்க" என்றார். மாமனார் கேட்கவில்லை. "அப்ப நானும் வாரேன். அத்தன ஆம்பளைங்க மத்தீல அவளத் தனியா உட மாட்டேன்" என்று மாமியாரும் கிளம்பிவிட்டார்.

அங்கே ஆண்களுக்கு நடுவே உட்கார்ந்து ஆடினேன். என் முதுகுக்குப் பின்னால் மாமியார் நகராமல் உட்கார்ந்திருந்தார். முதல் ஆட்டத்தில் ஜெயித்தேன், அடுத்ததில் தோற்றேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமியார்தான் வாய் திறந்தார்.

"அந்தக் குதிரைய ஏஞ்சாமி அவசரப்பட்டு எடுத்தே?"

மாமனார் திகைத்துப்போய் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷமாக அடுப்படி வாசலில் நின்று பார்த்தே ஆட்டம் முழுவதையும் மாமியார் கற்றுவைத்திருந்தார்!

மாமனார் காலமான பிறகு, மாமியாரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து பல வருஷம் ஆடினோம். இன்று அவரும் இல்லை. வாழ வந்த வீட்டில் இப்படி இரண்டு பேர் எனக்கு வாய்த்தார்களே என்கிற நன்றி மட்டும் இன்னும் குறையவில்லை.