தெரியாது என்று சொன்ன நாள்

அரியாங்குப்பத்தில் அன்புசெல்வியிடம் மீன் வாங்குகிறவர்களுக்கு, கேட்டாலும் கேட்காவிட்டாலும், மீனோடு ஒரு சேதியும் கிடைக்கும். அவள் மகன் சரத்குமார் புதிதாக என்ன கற்றுக்கொண்டான் என்கிற சேதி. சோற்றைச் சிந்தாமல் சாப்பிட்டான், கடைக்குத் தனியாகப் போய் உப்பு வாங்கி வந்தான். பதினோரு வயதுப் பையனுக்கு இதெல்லாம் ஒரு பெருமையா என்று முகம் சுளித்தவர்களுக்கு அன்றைக்கு நல்ல மீன் கிடையாது. பேச்சு வருவதற்கே ஐந்து வயதாகிவிட்ட பிள்ளை. அவனை லூசு என்று சொன்ன ஒருவனை அவள் மீன் வெட்டும் கத்தியோடு துரத்தினாள் என்று தெருவில் ஒரு கதை உண்டு. "கத்தியெல்லாம் இல்ல, வெறும் தராசுத் தட்டுதான்" என்று அவளே திருத்துவாள்.

பள்ளிக்கூடத்தில் அவனைச் சேர்த்ததும் அப்படித்தான். முடியாது என்றார்கள். தினமும் போய் வாசலில் உட்கார்ந்தாள். கடைசியில் மீன் வாடை தாங்காமல் சேர்த்துக்கொண்டார்கள் என்பாள். அந்தப் பள்ளிக்குப் பிறகு வந்த தலைமையாசிரியர் புருஷோத்தமன் நல்ல மனிதர். 2007 கோடை விடுமுறைக்கு முன் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இவனுக்குன்னு தனியா ஒரு டீச்சர் வருவாங்கம்மா. ஆனா மூளை வளர்ச்சி கம்மின்னு டாக்டர் சர்டிபிகேட் இருக்கணும். அது இல்லாம ஆறாவதுல இவன வெச்சிக்க என்னால முடியாது. அங்க போயி புள்ள பெருமையப் பேசிடாதீங்க. என்ன தெரியாதோ அத மட்டும் சொல்லுங்க."

சரி சார் என்று தலையாட்டிவிட்டு வந்தாள். வந்த பிறகு செய்ததெல்லாம் நேர்மாறு. ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று தலைக்கு ஊற்றி, பவுடர் பூசி, தீபாவளிச் சட்டையை மாட்டிவிட்டாள். அழுக்குச் சட்டையோடு பிள்ளையை நாலு பேர் முன்னால் நிறுத்த அவளுக்கு மனசு வரவில்லை. பஸ் பாலத்தைத் தாண்டி டவுனுக்குள் நுழையும்வரை "வணக்கம் டாக்டர்" சொல்லிக்கொடுத்தாள். கண்டக்டரே ஒரு தடவை வணக்கம் சொல்லிவிட்டார்.

டாக்டரம்மா இளவயது. கட்டைகளை அடுக்கச் சொன்னார், படங்களைக் காட்டிக் கேள்வி கேட்டார். சரத் சிலவற்றைச் செய்தான், பலவற்றுக்குச் சிரித்தான். பிறகு அம்மாவைக் கேட்டார். தானே சாப்பிடுவானா? "சாப்பிடுவான்!" கடைக்குப் போவானா? "தனியாவே போவாங்க!" டாக்டரம்மா குனிந்து எழுதினார். அந்தப் பேனா ஓடியதைப் பார்த்த பிறகுதான் அன்புசெல்விக்கு உறைத்தது. தன் வாயாலேயே பிள்ளையின் படிப்பைக் கெடுத்துவிட்டோமே என்று பயந்து போனாள்.

"சட்டை பட்டன் போடுவானா?"

"தெரியாதுங்க."

"தெரியும்மா" என்றான் சரத். ஒரு வருஷம் மல்லுக்கட்டி, போன மாதம்தான் கற்றுக்கொண்டிருந்தான். மேல் பட்டனைக் கழற்றி, மறுபடி போட்டுக் காட்டக் கையைத் தூக்கினான். அன்புசெல்வி அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். "இவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எதுவுமே தெரியாது" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. சரத் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கையைத் தொங்கவிட்டான்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "பட்டன் போட்டா ஒண்ணும் கெட்டுடாதும்மா. டெஸ்ட்லயே தெரிஞ்சுது. சர்டிபிகேட் கிடைக்கும்."

கிடைத்தது. அதை வாங்கிக்கொண்ட புருஷோத்தமன் ஆறாம் வகுப்பில் பெயர் எழுதினார். அன்புசெல்வி அன்று மீன் வாங்கியவர்களிடம் எதுவும் பேசவில்லை. உடம்புக்கு முடியவில்லையா என்று எல்லோரும் கேட்டார்கள்.

பள்ளி திறந்த அன்று காலை சரத் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றான். பட்டன் எல்லாம் திறந்திருந்தது. அவசரத்தில் விட்டுவிட்டான் என்று நினைத்தாள்.

"பட்டனப் போடுடா கண்ணு, நேரமாவுது."

"தெரியாது" என்றான்.

இத்தனை வருஷம் ஊரே சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மா ஒரு தடவை சொன்னதை நம்பிவிட்டான்.

கீழே உட்கார்ந்து அவன் தோள்களைப் பிடித்துக்கொண்டாள். "உனக்குத் தெரியும்டா. எல்லாம் தெரியும். அம்மாதான் அன்னைக்கு டாக்டரம்மாகிட்ட பொய் சொல்லிட்டேன்."

அது அவனுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் பதறிப் போனான்.

"பொய் சொன்னா சாமி கண்ணக் குத்தும்மா!" என்று கத்திக்கொண்டே, திறந்த சட்டையோடு அவள் மேல் பாய்ந்து, இரண்டு கைகளாலும் அவள் கண்களை இறுகப் பொத்தினான். பள்ளிக்கூட மணி அடித்தும் அவன் கையை எடுக்கவில்லை.