காபித்தூள் அப்பிய விரல்

என் கணவர் ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுபவர். கல்யாணமான புதுசில், வெட்டுப்பட்ட விரலோடு வருவார். காபித்தூள் அப்ப நான் கையைப் பிடித்தால், "அம்மா பாக்குறாங்க, வுடு" என்று வெட்கப்பட்டு இழுத்துக்கொள்வார். இரண்டே நாளில் ஆறிவிடும்.

போன வருஷம் மூளைக் கட்டிக்காக அவருக்கு வேலூரில் கதிர்வீச்சு சிகிச்சை, எங்கள் பேச்சில் கரன்ட் வைப்பது, நடந்தது. வீட்டில் சும்மா இருக்க மாட்டாமல் செருப்பு வார் வெட்டப்போய் விரலைக் கிழித்துக்கொண்டார். பழைய பழக்கத்தில் அதே காபித்தூளை வைத்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல். கரன்ட் வைத்த அசதி என்றுதான் நினைத்தேன்.

"இன்னாம்மா இது! கரன்ட்டோட குடுக்கற மாத்திரையில எதிர்ப்பு சக்தி கம்மியாயிடும். சின்னக் கீறல்னாலும் உடனே வரணும்" என்று ஆஸ்பத்திரியில் வீங்கிய விரலைப் பார்த்துப் பதறினார் நர்ஸ். ஒரு வாரம் ஊசி போட்டுத்தான் காப்பாற்றினார்கள்.

இப்போது தினமும் சாயங்காலம் அவர் கைகளை விரல் விரலாகப் பார்க்கிறேன். நான் மறந்தால் அவரே நீட்டுகிறார், அம்மா பார்க்கும்போதும்.