காளானுக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை

மூன்றாம் அறையின் கதவைத் திறந்தால் முதலில் ஈரம் வந்து முகத்தில் ஒட்டும். காளான்கள் பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். கூரையிலிருந்து வரிசையாகத் தொங்கும் வைக்கோல் பைகள், அவற்றின் துளைகளில் கொத்துக் கொத்தாக வெள்ளைக் காதுகள். நடுவில் ஒரு மேசை, தராசு, பதிவேடு. மேசைக்குப் பின்னால் அண்ணி. பெண்கள் பறித்துவந்து கூடையை வைப்பார்கள், அவள் நிறுத்து எழுதுவாள். நான் வெளியே பெட்டிகளை வேனில் அடுக்குபவன். நாளுக்கு இருபது முறை அந்தக் கதவருகே வர வேண்டியிருக்கும்.

திருமணத்துக்கு முன் அண்ணி எட்டு வருடம் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். கீறல் விழாமல் கண்ணாடி துடைப்பதில் கெட்டிக்காரி. இதைக் கேள்விப்பட்ட முதலாளி, நான்கு அறைகளின் சுவரிலும் மாட்டியிருந்த கரியமில வாயு சென்சார்களை அவள் பொறுப்பில் விட்டார். காளானும் நம்மைப் போல மூச்சு விடுகிறது. கதவை அடைத்தே வைத்தால் அறை அதன் மூச்சால் நிறைந்துவிடும். அளவு ஆயிரத்தைத் தாண்டியதும் சென்சார் சொல்லும், விசிறி ஓடும், வெளிக்காற்று உள்ளே வரும். அதன் வயிற்றுக்குள் என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"பெரிசா ஒண்ணுமில்ல தம்பி. சின்னதா ஒரு குழாய். இந்த முனையில விளக்கு, அந்த முனையில ஒரு கண்ணு. நமக்குத் தெரியாத வெளிச்சம் அது. நடுவுல இந்த வாயு இருந்தா அந்த வெளிச்சத்தைக் குடிச்சிடும். கண்ணுக்கு எவ்வளவு குறைச்சலா வந்து சேருதோ, அவ்வளவு வாயு இருக்குன்னு கணக்கு. பிஸ்கட் டப்பா எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு பார்த்து, நீ வீட்டுக்கு வந்துட்டியான்னு நான் சொல்றேன்ல, அந்த மாதிரி."

மூன்றாம் அறையின் பழைய சென்சார் பழுதாகி, இரண்டு மாதம் முன்பு புதியது வந்தது. அதற்குச் சில நாள் கழித்துத்தான் அண்ணிக்குத் தலைவலி தொடங்கியது. இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பது? புதுப் பொருள் வந்தால் வீட்டிலும் சரி, வேலையிலும் சரி, சந்தேகம் பழையதன் மேல்தான் விழும்.

முதலில் வாரத்துக்கு ஒருமுறை வலித்தது. பிறகு தினமும், மதியம் மூன்றரை மணிக்குச் சொல்லிவைத்தாற்போல் வந்தது. நெற்றியின் இரு பக்கமும் யாரோ கட்டைவிரலால் அழுத்துவதுபோல் இருக்கிறது என்றாள். விடுமுறை நாளில் வலி இல்லை. ஓய்வெடுத்ததால் என்று நினைத்துக்கொண்டாள். அவளோடு பிறந்த மூத்தவர் இப்படித்தான் தலைவலி என்று படுத்தார். மூளையில் கட்டி. ஆறு மாதம்தான் இருந்தார். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஒரு காலையில் அண்ணனை உட்காரவைத்து, மகளுக்குச் சடை பின்னக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் எனக்கு எதுக்கு?" என்றான் அண்ணன், மூன்று கற்றைகளையும் கயிறு முறுக்குவதுபோல் முறுக்கியபடி.

"அப்பா, வலிக்குது!"

"சும்மா தெரிஞ்சு வெச்சுக்கோங்க. ஆம்பளைக்குக் கை என்ன, பூட்டு போட்டா வந்திருக்கு?"

அவள் குரல் சிரித்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

அதே வாரங்களில் மூன்றாம் அறைக் காளான்களுக்கும் ஏதோ ஆகியிருந்தது. தண்டு விரல் நீளம் வளர்ந்து, குடை மட்டும் சட்டைப் பொத்தான் அளவில் நின்றுவிட்டது. வைக்கோல் மட்டம் என்று முதலாளி வைக்கோல்காரரைப் போனில் பிடித்து நாலு வார்த்தை திட்டினார். விசிறி முன்புபோல் அடிக்கடி ஓடாததை நல்லதென்றே நாங்கள் நினைத்தோம். ஈரம் காயாமல் இருந்தது. சென்சார் எண்ணூறு, தொள்ளாயிரம் என்று சமர்த்தாகக் காட்டிக்கொண்டிருந்தது. அண்ணி அதைத் தினமும் பதிவேட்டில் ஏற்றினாள்.

டாக்டரம்மா ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்தார், வெள்ளிக்கிழமை காலைக்கு. வியாழன் மதியம் அண்ணி எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினாள். பதிவேட்டின் ஓரத்தில் யார் எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதினாள். தராசைத் துடைத்தாள். கடைசியாகச் சென்சார்கள். வழக்கமாகச் சுவரில் இருந்தபடியே மூடியைத் திறந்து துடைப்பாள். அன்று மூன்றாம் அறையினதைக் கழற்றி, நீளமான ஒயரோடு வெளியே கொண்டுவந்து வெயிலில் ஒரு பெட்டியின் மேல் வைத்தாள். நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போகலாமே என்று.

துடைத்து மூடி, கால் மணி நேரம் கழித்துப் பார்த்தாள். திரையில் பூஜ்யம்.

"தம்பி, இதைக் கெடுத்துட்டேன்டா," என்றாள். முகம் வெளுத்துவிட்டது. போகிற நேரத்தில் இதுவுமா என்பதுபோல் இருந்தது அந்தக் குரல்.

சென்சார் மாட்டிவிட்டுப் போன கருவிக்காரருக்குப் போன் செய்தாள். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், வெளியில வெச்சுத் துடைச்சேன். பூஜ்யம் காட்டுது."

"பூஜ்யமா? நல்லாப் பாருங்கக்கா. வெளிக்காத்துலயே நானூறு இருக்கும். அதுக்குக் கீழ போகாது."

"எட்டு வருஷம் பொடி எழுத்துப் படிக்கவெச்சு ஊருக்கே கண்ணாடி குடுத்தவ சார் நான். பூஜ்யம்தான்."

அந்தப் பக்கம் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அக்கா, அந்த ரூம் வாரத்துல ஒரு நாளாவது காலியா, திறந்து கிடக்குமா?"

"காளானுக்கு ஏது சார் ஞாயித்துக்கிழமை? ஒரு பை முடிஞ்சா அதே இடத்துல அடுத்த பை."

போனில் சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் கேட்டது.

"எல்லாரையும் உடனே வெளிய வரச் சொல்லுங்க. கதவை மட்டும் சாத்தி வைங்க. இதோ வந்துட்டேன்."

அரை மணியில் வந்தார். என் வயதுதான் இருக்கும், அதற்குள் தலையில் பாதி நரை. கையடக்கமான இன்னொரு மீட்டரை முற்றத்தில் வைத்துக் காட்டினார்: நானூற்று இருபத்து நான்கு. பிறகு, தன் மூச்சு மீட்டரில் படாமலிருக்க, குளத்தில் குதிப்பவர்போல் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் அறைக்குள் போய், ஒரு நிமிடத்தில் கன்னம் உப்பி வெளியே வந்தார். நாலாயிரத்து அறுநூறு.

"தப்பு என்னோடது," என்றார், முதலாளியைப் பார்த்து அல்ல, அண்ணியைப் பார்த்து. "இது ஆபீசுக்குன்னு செய்யற சென்சார். ஆபீஸ்னா ராத்திரியில, லீவு நாள்ல காலியா கிடக்கும். அப்போ உள்ள இருக்கறது வெளிக்காத்து மாதிரிதான். அதனால அந்த வாரத்துல எது ரொம்பக் குறைஞ்ச அளவோ, அதையே நானூறுன்னு வெச்சுக்கிட்டுத் தன்னைத்தானே திருத்திக்கும். இங்க காத்து ஒரு நாளும் சுத்தமாகறதே இல்ல. அதுபாட்டுக்கு வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாப் பொய்யைச் சரின்னு கத்துக்கிச்சு. அதான் விசிறி ஓடல, காளானும் நல்ல காத்தில்லாம இப்படித் தண்டு நீண்டு போச்சு. அந்தத் திருத்தத்தை நான் அணைச்சுட்டுப் போயிருக்கணும். மறந்துட்டேன்."

"அப்போ வைக்கோல்காரனை நான் திட்டினது?" என்றார் முதலாளி.

"அதை நீங்கதான் சார் திருத்திக்கணும்."

அண்ணிக்கு இதெல்லாம் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"சார்," என்றாள், ஒவ்வொரு சொல்லாக. "இவ்வளவு இருந்தா… தலை வலிக்குமா?"

"நாள் பூரா உள்ளயே உக்கார்ந்திருந்தா வலிக்கும்கா. தூக்கம் தூக்கமாவும் வரும். ஏன்கா?"

அவள் காலிப் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள். பறிக்கும் பெண்களில் ஒருத்தி, கூடையை இடுப்பிலிருந்து இறக்காமலே சொன்னாள்:

"எனக்கும்தான் அக்கா தினம் வலிச்சுது. நான் மாமியார்னு நினைச்சேன்."

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. அண்ணி சிரித்தாள், சிரிப்பிலேயே அழுதாள், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் பதறிப்போய், "ஐயோ, மாமியார்கிட்ட சொல்லிடாதீங்க," என்றாள். மறுபடியும் சிரிப்பு. விசிறிகளை முழு வேகத்தில் ஓடவிட்டு, அகலத் திறந்த கதவுக்கு முன் நாங்கள் நின்றோம். உள்ளிருந்து ஈரக்காற்று நீளமாக வந்துகொண்டே இருந்தது, வெகுநேரம் பேசாதிருந்தவர் பேசத் தொடங்கியதுபோல்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "ரெண்டு வாரம் நல்ல காத்துல இருந்து பாருங்க. ஒரு தடவை வலிச்சாலும் மறுநாளே ஸ்கேன். வலிக்கலைன்னா அப்புறம் பேசலாம்," என்றார். நம்பிக்கை உடனே வந்துவிடவில்லை. பாதி வந்து வாசலில் நின்றது. அண்ணி மறுநாளே வேலைக்கு வந்தாள். திருத்தம் அணைக்கப்பட்ட சென்சாரை முற்றத்தில் வைத்து நானூறு காட்டுகிறதா என்று பார்த்து, தன் கையால் மாட்டிய பிறகுதான் மேசையில் உட்கார்ந்தாள். இப்போது ஒவ்வொரு திங்களும் நான்கையும் வெளியே கொண்டுவந்து பார்க்கிறாள். பதிவேட்டில் அதற்கென்று ஒரு கட்டம் போட்டிருக்கிறாள்.

மதியம் மூன்றரை ஆனதும் அண்ணனிடமிருந்து போன் வரும்.

"வலிக்குதா?"

"இல்லைங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சா வந்துடும் போல இருக்கு. வைங்க போனை!"

பதினான்கு நாளும் இப்படியே நடந்தது. பதினைந்தாம் நாள் மூவருமாக டாக்டரம்மாவைப் பார்த்தோம். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், கையைப் பிடித்து இழுக்கச் சொன்னார், நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். பிறகு அந்த ஸ்கேன் சீட்டை வாங்கிக் குறுக்காக ஒரு கோடு போட்டார். "போய் வேலையைப் பாருங்க," என்றார்.

படி இறங்கும்போது அண்ணன் திடீரென்று நின்றான். கைப்பிடியைப் பற்றிக்கொண்டான். இந்தப் பதினைந்து நாளும் அவன் சாப்பிட்டதாகவே எனக்கு நினைவில்லை.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. இனிமே மூணரை மணிக்கு நான் யாருக்குப் போன் பண்றது?"

"உங்கம்மாவுக்குப் பண்ணுங்க," என்றாள் அண்ணி, இரண்டு படி முன்னால் இறங்கியபடி. "தலைவலி இருக்கான்னு கேளுங்க. இருந்துச்சுன்னா, நான் காரணமில்லன்னு மட்டும் சொல்லிடுங்க."